தவிட்டோடு போனதும் புழுங்கலில் தங்கியதும்

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்சில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஐந்து பேராக இருக்கிறோம். என் கணவருக்கு வயது 51. சென்ற மாதம் பலதுறை மருந்தகத்தில் அவருக்கு நீரிழிவு என்று உறுதிசெய்து மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். "வெள்ளைச் சோற்றைக் குறைத்துப் பழுப்பரிசிக்கு மாறுங்கள்" என்று தாதி சொன்னார். அன்று மாலையே ஐந்து கிலோ பை ஒன்று வாங்கி வந்து சமைத்தேன். சோறு விறைத்துக்கொண்டு நின்றது. தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகள் தட்டை நகர்த்திவிட்டாள். தேசிய சேவையில் இருக்கும் மகன் வெளியே போய்ச் சாப்பிட்டான். மாமனாருக்கு 77 வயது. "தவிட்டைத் தின்னவா இங்கே வந்தோம்" என்று ரசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். அவருக்குச் சிறுநீரகமும் சற்றுப் பலவீனம். இப்போது அந்தப் பையிலிருந்து ஒரு வாடை வேறு வருகிறது. பழுப்பரிசியில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருப்பதாகவும் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் பொன்னி புழுங்கல் சாப்பிடுகிறவர்கள். அரிசியைத் தீட்டும்போது உண்மையிலேயே எல்லாச் சத்தும் போய்விடுகிறதா? பொன்னியை விட்டுவிட வேண்டுமா?
– உட்லண்ட்ஸ் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பொன்னி புழுங்கலை விட வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அந்தப் பயம் வரிக்கு வரி தெரிகிறது. சோற்றின் அளவைக் குறைக்க வேண்டும், தட்டில் மற்றவற்றைக் கூட்ட வேண்டும், பழுப்பரிசியைச் சிறிது சிறிதாக உள்ளே கொண்டுவரலாம். ஒரே மாலையில் ஐந்து பேர் தட்டையும் மாற்றப் பார்த்தீர்களே, அங்கேதான் தடுக்கிவிட்டது. கணவர்மேல் இருந்த கவலையில் செய்தீர்கள். அதில் உங்களைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

தீட்டும்போது என்ன போகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இன்றிரவு ஒரு கறுப்புத் தட்டை எடுத்து, அதில் பழுப்பரிசி பத்து மணி, பச்சரிசி பத்து மணி, உங்கள் பொன்னி பத்து மணி என்று தனித்தனியாக வைத்து, மகளையும் பக்கத்தில் அழைத்துக்கொண்டு விளக்கின் கீழே பாருங்கள். பழுப்பரிசியின் ஒரு முனையில், ஓரமாக, வெளிறிய சிறு புள்ளி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் முளைக்கரு. நெல்லை விதைத்தால் நாற்றாக எழுந்து வருவது அந்தப் புள்ளிதான். பச்சரிசியில் அதே முனையில் யாரோ கிள்ளி எடுத்ததுபோல் ஒரு பள்ளம் தெரியும். கரு இருந்த இடம் அது. பொன்னியிலும் பள்ளம்தான் இருக்கும், ஆனால் அந்த மணியை விளக்குக்கு நேரே பிடித்தால் கண்ணாடிபோல் ஒளி உள்ளே புகுந்து வரும், இளமஞ்சள் ஓடியிருக்கும். அந்த மஞ்சளுக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நூறு கிலோ நெல்லை ஆலையில் கொட்டினால் ஏறத்தாழ 20 கிலோ உமியாகப் போகும். வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு ரப்பர் உருளைகளுக்கு இடையே நெல் நுழைந்து வரும்போது உமி கழன்றுவிடும். உமியில் நம் வயிற்றுக்கு ஆவது எதுவும் இல்லை. அதோடு நிறுத்திக்கொண்டால் கிடைப்பது பழுப்பரிசி. அதை மேலும் தீட்டும் எந்திரத்தில் உராயவிட்டால் தவிடும் கருவுமாக இன்னும் 8 முதல் 10 கிலோ கழியும். கடைசியில் சிறிது நீர் தூவி மெருகேற்றினால், பைக்குள் கைவிடும்போது விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு ஓடும் பளபளப்பான அரிசி கிடைக்கும்.

இழப்பெல்லாம் அந்தப் பத்துக் கிலோவில்தான். 100 கிராம் பழுப்பரிசியில் நார்ச்சத்து சுமார் மூன்றரை கிராம். நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியில் ஒன்றேகால் கிராம் அளவுதான். மெக்னீசியம் 140 மில்லிகிராமிலிருந்து 25 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பி1 என்று சொல்லும் தயமின் சுமார் 0.4 மில்லிகிராமிலிருந்து 0.07க்கு வந்துவிடுகிறது, அதாவது ஆறில் ஒரு பங்குதான் மிச்சம். நியாசின், பி6, இரும்பு, தவிட்டெண்ணெய் எல்லாம் இதே வழியில் குறைகின்றன. ஆனால் மாவுச்சத்தும் கலோரியும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன, புரதம் சற்றுத்தான் குறைகிறது. ஆகவே "எல்லாச் சத்தும் போய்விட்டது" என்பது மிகை. பழுப்பரிசிச் சோற்றை எவ்வளவு தின்றாலும் உடம்பு பெருக்காது என்று நினைப்பதும் தவறு. என்னிடம் வருகிறவர்களில் பலர் பழுப்பரிசிக்கு மாறிய மகிழ்ச்சியில் இன்னொரு கரண்டி கூடப் போட்டுக்கொள்கிறார்கள்.

இவ்வளவு சத்துப் போகிறதென்றால் மனிதர்கள் ஏன் தீட்டினார்கள் என்று உங்கள் மகள் கேட்கக்கூடும். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெய் சிக்குப் பிடிக்கும். உங்கள் பையிலிருந்து வரும் வாடை அதுதான். தவிடு போன அரிசி காற்றுப்புகாமல் வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. பழுப்பரிசி சில மாதங்களிலேயே மணம் மாறத் தொடங்கும், சிங்கப்பூர்ச் சூட்டிலும் ஈரத்திலும் இன்னும் சீக்கிரம். அடுத்தது, தவிடு மணியைச் சுற்றிக் கவசம்போல் இருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்கத் தயங்கும். இருபது நிமிடத்தில் வேகிற சோறு முக்கால் மணி நேரம் கேட்கும். விறகு பொறுக்கிச் சமைத்தவர்களுக்கு அது சிறிய கணக்கன்று.

உங்கள் மாமனார் எழுந்துபோனதற்கும் இதில் விடை இருக்கிறது. அவர் தலைமுறையில், வானம் பார்த்த சீமைகளில், அன்றாடம் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும்தான். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி வரும் நாளுக்கும் உரியது. மல்லிகை மொட்டுப்போல் வெளுத்த சோறு இலையில் விழுவது என்றால் அன்று வீட்டில் குறையில்லை என்று பொருள். தவிடு மாட்டுக்குப் போவது. இந்த நாட்டுக்கு வந்து உழைத்து, பிள்ளைகளை ஆளாக்கி, 77 வயதில் தட்டைப் பார்த்தால் பழுப்பாக ஏதோ கிடக்கிறது. அவருக்கு அது தாழ்வாகப் பட்டிருக்கும். அவரிடம் சத்துக் கணக்குப் பேசிப் பயனில்லை, வேறு வழி இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைக்குத்தல் அரிசியைப் பற்றி ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் உலக்கை பிடித்த கைகளை நினைப்பதில்லை. விடியுமுன் எழுந்து அன்றைய நெல்லைக் குத்திப் புடைத்தவர்கள் நம் பாட்டிமார்கள். ஆலை வந்தபோது தவிட்டைப் பறிகொடுத்தோம், உண்மைதான். அதே ஆலைதான் அவர்கள் தோள்வலியையும் இறக்கிவைத்தது.

இனிப் புழுங்கல். உங்கள் பொன்னியின் மஞ்சளுக்கு வருகிறேன்.

சுமார் 120 ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் கூட்டம் கூட்டமாக மனிதர்களைக் கொன்றது. கால் மரத்துப்போகும், வீங்கும், நடக்க முடியாமல் போகும், கடைசியில் இதயம் நின்றுவிடும். வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை பார்த்த சீனத் தொழிலாளர்களை அது வாரிக்கொண்டு போனது. அதே நாட்டில், அதே வெயிலில், அவர்களைவிட வளமாக வாழ்ந்தவர்கள் என்று சொல்ல முடியாத தமிழ்த் தொழிலாளர்களை அது பெரும்பாலும் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த வேறுபாட்டைக் கவனித்து 1907இல் விரிவாக எழுதினார். சீனர்கள் உண்டது சயாமிலிருந்தும் (இன்றைய தாய்லாந்து) ரங்கூனிலிருந்தும் வந்த, தீட்டி வெளுத்த பச்சரிசி. தமிழர்கள் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. பழைய வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று அவர் நினைத்தார். காரணத்தில் தவறினாலும் அரிசியில்தான் விஷயம் இருக்கிறது என்று சரியாகப் பிடித்துவிட்டார்.

அதே காலத்தில் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சயாம் பச்சரிசியும் மறுபாதிக்கு இந்தியப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பெரிபெரி பச்சரிசிப் பக்கத்தில்தான் பரவியது. 1909இல் வெளியான ஆய்வில் பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் சாலை போடும் ஜாவானியத் தொழிலாளர்கள் 300 பேரிடம் இதையே இன்னும் நுணுக்கமாகச் செய்தார்கள். அரிசியை மாற்றிக் கொடுத்தால் நோயும் இடம் மாறியது. நஞ்சு எதுவும் இல்லை, தீட்டும்போது கழிந்துபோகிற ஏதோ ஒன்றின் குறைதான் நோய் என்பது தெளிவாயிற்று. அதற்கும் முன்பே, 1890களில், ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்கு இதுபோன்ற நோய் வருவதையும் தீட்டாத அரிசி கொடுத்தால் தேறுவதையும் பார்த்திருந்தார். அவருக்கு 1929இல் நோபெல் பரிசு கிடைத்தது. கழிந்துபோன அந்தப் பொருள் தயமின் என்பதும், வைட்டமின் என்ற சொல்லும், இந்தத் தேடலில் பிறந்தவை.

இந்தக் கதையைத் தமிழர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். நம் முன்னோர் தயமின் என்ற பெயரைக் கேட்டதில்லை. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, பிறகு குத்தினார்கள், அவ்வளவுதான். நெல் ஊறி அவியும்போது தவிட்டிலும் கருவிலும் இருக்கிற நீரில் கரையும் சத்துகளில் ஒரு பகுதி மணியின் உள்ளே இறங்கிவிடுகிறது. மாவு வெந்து இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு தவிட்டைத் தீட்டி எடுத்தாலும் உள்ளே போனது உள்ளேயே இருக்கிறது. நீங்கள் விளக்கில் பார்த்த கண்ணாடித் தன்மையும் மஞ்சளும் அப்படி வந்தவைதான். தீட்டிய புழுங்கலரிசியில் தயமின் 100 கிராமுக்கு ஏறத்தாழ 0.2 மில்லிகிராம், வெள்ளைப் பச்சரிசியைப்போல் சுமார் மூன்று மடங்கு. மணி இறுகுவதால் ஆலையில் நொறுங்குவதும் குறைவு, குருணை அதிகம் விழாது. பொன்னிக்கும் இந்த மண்ணுக்கும் இன்னொரு உறவும் உண்டு. அதன் மரபில் ஒரு பக்கம் தைவானின் தைச்சுங் 65, மறுபக்கம் மலாயாவின் மயாங் ஈபோஸ் 80. காவிரிக்கரை அரிசி என்று நாம் கொண்டாடுவதில் மலாயா நெல்லும் கலந்திருக்கிறது.

ஆனால் பொன்னி என்று எழுதியிருந்தாலே புழுங்கல் ஆகிவிடாது. பொன்னியில் பச்சரிசியும் உண்டு. பையின்மேல் புழுங்கல் என்று இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் தேக்காவில் கடைக்காரரிடமே கேளுங்கள். 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா தடைசெய்தபோது, புழுங்கலும் நின்றுவிட்டது என்று எண்ணிப் பலர் என்னிடம் கலங்கினார்கள். அந்தத் தடை பச்சரிசிக்குத்தான். புழுங்கலுக்கு அடுத்த மாதம் ஏற்றுமதி வரிதான் விதித்தார்கள். நம் வீட்டில் தினமும் வேகிற அரிசி எந்த வகை என்பதே நம்மில் பலருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

புழுங்கலால் ஆகாததையும் மறைக்காமல் சொல்கிறேன். வைட்டமின் உள்ளே இறங்கும், நார் இறங்காது. தவிட்டோடு நார் போனது போனதுதான். உங்கள் கணவருக்கு இப்போது வேண்டியது நார்தான். சோறு மெதுவாகச் செரித்துச் சர்க்கரை மெதுவாக ஏறினால் அவருக்கு நல்லது. ஒரே நெல்லைப் பச்சையாகவும் புழுங்கலாகவும் ஒப்பிட்டால் புழுங்கல் பொதுவாகச் சற்று மெதுவாகவே சர்க்கரையை ஏற்றும். அந்த உதவியும் தட்டில் சோறு மலைபோல் குவிந்தால் வீணாகிவிடும்.

2012இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, சுமார் மூன்றரை லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த முந்தைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. நாளொன்றுக்கு வெள்ளைச் சோறு ஒரு பரிமாறல் கூடக் கூட, நீரிழிவு வரும் வாய்ப்பு 11 விழுக்காடு கூடியிருப்பதை அது காட்டியது. சோறுதான் காரணம் என்று இத்தகைய ஆய்வு முடிந்த முடிவாக நிறுவிவிடாது. இருந்தாலும் மூன்று வேளையும் சோறோ இட்லியோ இடியாப்பமோ இறங்குகிற நம் வீடுகள் அதைத் தள்ளிவிட முடியாது. சிங்கப்பூரில் நீரிழிவு இந்தியர்களிடம் சீனர்களைவிட அதிகம். சுகாதார அமைச்சு 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போரே அறிவித்தது.

எனவே அரிசியின் நிறத்துக்கு முன்னால் அளவைப் பாருங்கள். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் தட்டுப் படத்தைப் பலதுறை மருந்தகத்தில் பார்த்திருப்பீர்கள். பாதித் தட்டு காயும் பழமும், கால் தட்டு பருப்போ மீனோ கோழியோ, மீதிக் கால் தட்டுதான் முழுத்தானியச் சோறு. நம் வழக்கத்தில் இது தலைகீழாக இருக்கும்: நடுவில் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல். கணவரிடம் சோற்றைக் குறைக்கச் சொல்வதற்கு முன், பொரியலையும் கூட்டையும் இரண்டு மடங்காகச் சமையுங்கள். வயிறு காலியாக இருக்கும்போது சோற்றைக் குறை என்றால் யாருக்கும் கோபம்தான் வரும். பொரியலையும் மீனையும் முதலில் பாதி சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்கு வரச் சொல்லுங்கள். சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறும் வேகம் இதனால் குறையும்.

ஒன்றை மறக்காதீர்கள். அவர் எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. சில மாத்திரைகளையும் இன்சுலினையும் எடுத்துக்கொள்கிறவர்கள் திடீரென்று சோற்றைப் பாதியாகக் குறைத்தால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் வரும். உணவை மாற்றப்போகிறோம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். ஒரு நாள் மதியம் புழுங்கல் சோறு 150 கிராம், இன்னொரு நாள் கலப்புச் சோறு 150 கிராம், குழம்பும் காயும் இரண்டு நாளும் ஒன்றே. சாப்பிடத் தொடங்கிய நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்து எழுதி வையுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் அவர் உடம்பு எதை ஏற்கிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அடுத்த சந்திப்புக்குப் போகும்போது அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கலப்புச் சோறு என்றேன். அன்று விறைத்துப்போனதற்குக் காரணம், பழுப்பரிசியைப் பொன்னிபோலக் கழுவி உடனே அடுப்பில் வைத்திருப்பீர்கள். நான்கு பங்கு பொன்னி புழுங்கலுக்கு ஒரு பங்கு பழுப்பரிசி என்று தொடங்குங்கள். பழுப்பரிசியை மட்டும் தனியே இரண்டு மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள், அல்லது முந்தின இரவே ஊறப்போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பச்சரிசியோடு கலந்தால் பச்சரிசி குழையும்வரை பழுப்பரிசி வேகாது. புழுங்கலும் வேக நேரம் எடுக்கும் அரிசி என்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். மின்சோற்றுப் பானையில் அரிசி ஒரு குவளைக்குத் தண்ணீர் இரண்டரைக் குவளை. பொத்தான் எழும்பியதும் திறக்காமல் பத்து நிமிடம் விட்டுவிட்டு, பிறகு அகப்பையால் அடியிலிருந்து கிளறுங்கள். இந்த அளவில் கலந்தால் மகளுக்குப் பெரிதாகத் தெரியாது. மூன்று வாரம் போகட்டும், பிறகு மூன்றுக்கு ஒன்று. வீட்டார் முகம் சுளிக்கத் தொடங்கும் இடத்தில் நின்றுவிடுங்கள். பாதிக்குப் பாதி வரவில்லையே என்று வருந்த வேண்டாம். தட்டில் மிஞ்சிக் குப்பைக்குப் போகிற சத்து யார் உடம்பிலும் சேராது.

எல்லாப் பதார்த்தத்துக்கும் இந்தக் கலப்பு பொருந்தாது. புளிசாதத்துக்கும் எலுமிச்சைச் சாதத்துக்கும் அருமையாக வரும், மணி மணியாக நிற்பதுதானே அவற்றுக்கு அழகு. தயிர்ச்சாதத்துக்கு வேண்டாம். மசிய மறுக்கிற தயிர்ச்சாதத்தை நானும் சாப்பிட மாட்டேன். தோசை மாவில் இட்லி அரிசிக்குப் பதில் கால் பங்கு பழுப்பரிசி போட்டு அரைத்தால் தோசை நல்ல சிவப்பாக, மொறுமொறுவென்று வரும், பிள்ளைகள் விரும்புவார்கள். ஆனால் அரைத்து மாவாக்கிய தானியம் முழு மணியைவிட வேகமாகச் செரிக்கும். மகளுக்கும் மகனுக்கும் தோசை நல்ல வழி. கணவருக்கு எண்ணிக்கை இரண்டோடு நிற்கட்டும்.

கழுவுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை நான்கைந்து முறை தேய்த்துக் கழுவும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கழுநீர் வெள்ளையாக ஓடும்போது மிச்சமிருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பங்கும் அதோடு ஓடுகிறது. பச்சரிசியில் இந்த இழப்பு மிகுதி. புழுங்கலில் சத்து உள்ளே இருப்பதால் குறைவு. இரண்டு முறை மென்மையாகக் கழுவினால் போதும்.

ஆர்செனிக் செய்தி பொய்யன்று, ஆனால் அரைகுறை. மண்ணிலும் நீரிலும் இயற்கையாகவே இருக்கும் ஆர்செனிக்கை நீரில் நிற்கும் நெற்பயிர் உறிஞ்சுகிறது, அது மணியின் வெளியடுக்கில் கூடுதலாகச் சேர்கிறது. ஆகவே பழுப்பரிசியில் வெள்ளையைவிட அதிகம் இருக்கும். உலக உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு இதைக் கணக்கில் எடுத்துத்தான் தீட்டிய அரிசிக்குக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், உமி மட்டும் நீக்கிய அரிசிக்கு 0.35 மில்லிகிராம் என்று இரண்டு வரம்புகள் வைத்திருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு கலந்து சாப்பிடும் வீட்டில் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. மூன்று வேளையும் பழுப்பரிசியே உண்பவர்களும், கைக்குழந்தைக்கு அதை மட்டுமே கஞ்சியாகக் கொடுப்பவர்களும்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மனம் ஒப்பவில்லையென்றால் பழுப்பரிசிப் பங்கை மட்டும் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டு, பிறகு பொன்னியோடு சேருங்கள். ஆர்செனிக் கணிசமாகக் குறையும், சத்திலும் சிறிது போகும்.

மாமனாரின் தட்டில் கைவைக்க வேண்டாம். பழுப்பரிசியில் பாஸ்பரஸ் வெள்ளை அரிசியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், பொட்டாசியமும் கூடுதல். பாஸ்பரசில் பெரும்பங்கு பைட்டேட் என்ற வடிவில் இருப்பதால் முழுவதும் உடம்பில் சேராது என்பது உண்மை. ஆனாலும் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் நான் அவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவரைக் கவனிக்கும் மருத்துவமனையில் உணவியல் நிபுணர் இருப்பார், அவர் சொல்லும்வரை பொன்னி புழுங்கலே தொடரட்டும். அதற்குத் தனியாக ஒரு சிறு பானை வேண்டியிருக்கும், உங்களுக்குக் கூடுதல் வேலைதான். மகன் வீட்டுக்கு வரும் நாள்களில் அந்தப் பொறுப்பை அவனிடம் கொடுங்கள். பெரியவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: அவர் ஊரிலிருந்து பழகி வந்த புழுங்கலரிசிதான் இந்த மலாயா மண்ணில் தமிழர்களைப் பெரிபெரியிலிருந்து காப்பாற்றியது என்று. இந்தக் கடிதத்தில் அந்தப் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டினாலும் எனக்கு மகிழ்ச்சியே.

கடைசியாக, வாடை வரும் அந்தப் பை. ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். பழைய எண்ணெய் வாடையோ சாயப்பூச்சு வாடையோ வந்தால் சமைக்காதீர்கள், எவ்வளவு கழுவினாலும் அந்தச் சிக்கு வாடை போகாது. பால்கனியில் புறாக்களுக்குப் போடலாம் என்றும் நினைக்காதீர்கள், இங்கே அது சட்டப்படி குற்றம். பையை இறுகக் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். அடுத்த முறை ஒரு கிலோப் பொட்டலமாக வாங்குங்கள். தயாரித்த தேதி அண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரித்ததும் மூடி இறுகும் டப்பாவில் கொட்டிக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு கிலோ உங்களுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் வரும்.